ஹாஜியாரின் அடிமட்டமும் றுஸ்னாவின் காப்பும்

"முக்கிய அறிவித்தல்! முக்கிய அறிவித்தல்! சாய்ந்தமருதிலும் அதனை அண்டிய பிரதேசங்களிலும் வாழும் சகல பொதுமக்களும் கைவேலையை நிறுத்திவிட்டுக் கவனமாகச் செவிமடுக்கவும்! வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த இந்த அறிவித்தலை விடுப்பவர், கீழைக்கரை ஆழ்கடல் மீனவர் பேரவையின் தலைவர், தேசகீர்த்தி, சமூகஜோதி, அகில இலங்கை சமாதான நீதவான், அல்ஹாஜ் ஸஹீத் அவர்கள்! இயந்திரம் பழுதடைந்த ஜவுபரின் போட், தற்போது இந்தியாவின் சென்னைப் பட்டணத்தை நோக்கி விரைந்துகொண்டிருக்கிறது. யாரும் பதற வேண்டாம். தலைவர் விழித்திருக்கிறார்!"

தலைவர் விழித்திருந்தது உண்மைதான். ஆட்டோவின் தலையில் கட்டிய அந்த ஒலிபெருக்கிச் சத்தத்தில் தூங்க யாரால் முடியும்?

ஆட்டோ அந்தத் தெருவை மூன்று தரம் சுற்றியது. மூன்றாவது தரம் ஜவுபரின் வீட்டு வாசலில் நின்றே சத்தம் போட்டது.

வீட்டுக்குள் ஜவுபரின் மகள் றுஸ்னா காதைப் பொத்திக்கொண்டு கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு வயது பதினொன்று. அவளுடைய தம்பி ஸாஜித்துக்கு எட்டு. அவன் காதைப் பொத்தவில்லை.

"ராத்தா, வாப்பா சென்னைக்கா போறாரு? அப்ப எனக்கு ஒரு கிரிக்கட் மட்டை கொண்டு வரச் சொல்லு."

"வாப்பா எங்கயும் போகல்ல. போட்டுதான் போகுது."

"எங்க போகுது?"

அதுதான் கேள்வி. 

நடந்தது இதுதான். வாப்பாவும், உம்மாவின் தம்பி அப்ராஸ் மாமாவும், இன்னும் இரண்டு பேரும் ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போனார்கள். பதின்மூன்று மணித்தியால ஓட்டம். அங்கே சனிக்கிழமை போட்டின் கியர் பொக்ஸ் உடைந்தது. இயந்திரமும் அதோடு சேர்ந்து வாயை மூடிக்கொண்டது. பங்குனி மாதம், றமழான் நோன்பு காலம். காற்று இல்லை, அலையும் இல்லை. ஆனால் போட் நின்ற இடத்தில் நிற்கவில்லை. நீரோட்டம் அதை மெதுவாக இழுத்துக்கொண்டு போனது.

போட்டில் அரிசி இருந்தது. மீன் கடலில் இருந்தது. றேடியோவும் வேலை செய்தது. ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகை முடிந்து நாலு மணிக்கு, உம்மா முனவ்வறா வீட்டிலிருக்கும் றேடியோ செட்டுக்கு முன்னால் உட்காருவார். வாப்பா தான் இருக்கும் இடத்தைக் காட்டும் இலக்கங்களை, அகலாங்கையும் நெட்டாங்கையும், சொல்வார். உம்மா அதை றுஸ்னாவின் பழைய கொப்பி ஒன்றில் எழுதுவார். கடலுக்குப் போகும் ஆட்களின் வீடுகளில் இது வழக்கம். மற்றவர்கள் வீட்டில் மாவு டின் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது போல, றுஸ்னாவின் வீட்டில் வாப்பா எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவைத்திருப்பார்கள்.

உம்மா எழுதி முடித்ததும் ஸஹீத் ஹாஜியார் வருவார். அந்த இலக்கங்களை மேல்சட்டைப் பையில் இருக்கும் சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவார். போய், தன் வீட்டு விறாந்தைச் சுவரில் தொங்கும் பெரிய வரைபடத்தில் நேற்றைய இடத்துக்கு ஒரு புள்ளி, இன்றைய இடத்துக்கு ஒரு புள்ளி வைப்பார். பிறகு தன்னுடைய இரும்பு அடிமட்டத்தை எடுத்து, இரண்டு புள்ளிகளையும் தொடுத்து ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டை அப்படியே நீட்டிக்கொண்டு போவார். கோடு எந்த நாட்டில் போய் முட்டுகிறதோ, போட் அந்த நாட்டுக்குப் போகிறது. அவ்வளவுதான் விஞ்ஞானம்.

ஞாயிற்றுக்கிழமை கோடு சென்னையில் முட்டியது.

திங்கட்கிழமை அது திருகோணமலையில் முட்டியது. ஆட்டோ திரும்பவும் வந்தது. சென்னையைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கோடு நேராக ஒலுவிலில் வந்து முட்டியது. "அல்ஹம்துலில்லாஹ்! போட் வீடு திரும்புகிறது! தலைவரின் அயராத முயற்சிக்குக் கிடைத்த வெற்றி!" என்றது ஆட்டோ. ஹாஜியார் துறைமுகத்தில் வரவேற்பு வளைவு ஒன்றைக் கட்டுவித்தார். வளைவில் அவருடைய படம் இருந்தது. போட்டின் படத்துக்கு இடம் போதவில்லை.

புதன்கிழமை போட் தெற்கே திரும்பிவிட்டது. கோடு ஒரு நாட்டிலும் முட்டாமல் வரைபடத்தின் அடிவரைக்கும் போனது. வியாழக்கிழமையும் அப்படித்தான்.

"போட் தென்துருவத்தை நோக்கி நகர்கிறது!" என்று ஆட்டோ தழுதழுத்தது.

ஸாஜித் கிரிக்கட் மட்டையை மறந்துவிட்டான். "ராத்தா, ஒரு பென்குயின் எண்டாலும் கொண்டு வருவாரா?"

"அது என்ன தின்னும் எண்டு தெரியுமா உனக்கு?"

"மீன்தானே. நம்மட வீட்ட மீனுக்கா பஞ்சம்?"

றுஸ்னாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உம்மா நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிட மறந்துபோய் றேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் வாப்பா றேடியோவில் ஒரு விசயம் சொல்லியிருந்தார்.

"இங்க தண்ணி வழமைய விடக் குளிரா இரிக்கி. சூரை மீன் குவிஞ்சு கிடக்கு. நான் நூறு பாகம், அறுநூறு அடிக்கு, நூல இறக்கிப் பாத்தன் புள்ள. நூல் சரிஞ்சு போகல்ல. குத்துக்கல்லு மாதிரி நேரா நிக்குது."

"அதுக்கு என்ன அர்த்தம் வாப்பா?" என்று றுஸ்னா எட்டிக் கேட்டாள்.

"மேல் தண்ணி மட்டும் ஓடினா, போட்டு ஒரு பக்கம் போகும், நூல் ஒரு பக்கம் இழுபடும். இது மேலயும் அடியிலயும் எல்லாத் தண்ணியும் ஒண்டாப் போகுது. என்ன நீரோட்டம் எண்டுதான் விளங்குதில்ல."

றுஸ்னா அதை மனதில் வைத்துக்கொண்டாள். பிறகு தன்னுடைய கணக்குக் கொப்பியைத் திறந்தாள். அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில் வரைபுத் தாளில் புள்ளி குறிக்கும் பாடம். டீச்சர் தந்த புள்ளிகளைக் குறித்தால் கடைசியில் ஒரு வீடோ ஒரு மீனோ வரும். வாப்பாவின் புள்ளிகளைக் குறித்தால் என்ன வரும்?

உம்மாவின் கொப்பியில் இருந்த ஆறு நாட்களையும் அவள் ஒரே தாளில் குறித்தாள். ஹாஜியார் ஒரு நாளும் ஆறு புள்ளிகளையும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதுக்கோடு போடுவதுதான் அவருடைய பழக்கம்.

தாளில் வீடும் வரவில்லை, மீனும் வரவில்லை. வலப்பக்கம் தொடங்கி, மேலே ஏறி, இடப்பக்கம் போய், கீழே இறங்கும் ஒரு வளைவு வந்தது.

"இது சுத்துது," என்றாள் றுஸ்னா.

"எது?" என்றான் ஸாஜித்.

"எல்லாம்."

ஆனால் வட்டம் சரியாக வரவில்லை. மேற்குப் பக்கமாக யாரோ பிடித்து இழுத்தது போல் நீண்டு கிடந்தது. றுஸ்னா தன் கையிலிருந்த காப்பைக் கழற்றி வைத்துப் பார்த்தாள். மூன்று புள்ளிகள் காப்பின் விளிம்பில் உட்கார்ந்தன. மற்ற மூன்றும் வெளியே ஓடிவிட்டன. எங்கோ ஒரு பிழை இருந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வாப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டது.

"பெற்றரி முடியுது. இதுதான் கடைசியா இரிக்கும். இடத்த எழுதுங்க..."

உம்மா எழுதினார். அவசரத்தில் ஏழு ஒன்பது போல் விழுந்தது. றுஸ்னா அதைத் திருத்தினாள்.

"குடிக்கிற தண்ணி திங்கட்கிழம வரைக்கும்தான் காணும். பயப்படாதீங்க. அப்ராஸ் கேக்கான், இண்டைக்கு எங்களுக்கு எந்த நாடு எண்டு..."

கரகரவென்று ஒரு சத்தம். பிறகு றேடியோவில் கடல் இரைச்சல் கூட இல்லை.

அன்றைய கோடு இந்தோனேசியாவில் முட்டியது. ஹாஜியார் அடிமட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, பெரிய முடிவு ஒன்றை எடுத்தார். பக்கத்து ஊர் பாண்டிருப்பில் போட் வைத்திருக்கும் அன்னப்பிள்ளையக்காவின் போட் நாளைக் காலையில் தேடப் போகும். நேராகக் கிழக்கே, இந்தோனேசியப் பக்கமாக. இன்று பின்னேரம் ஐந்தரைக்கு அவருடைய வீட்டு முற்றத்தில் கூட்டம்.

கடற்றொழில் அலுவலகத்துக்கும் முதலே அறிவித்திருந்தார்கள். தேடப் போகக்கூடிய பெரிய கப்பல் வடக்கே தூரத்தில் நின்றது. அது வர நான்கு நாளாகும். ஊரார் சேர்த்த டீசலோ ஒரே ஒரு தரம் போய்வரத்தான் போதும். ஒரு இடத்தில் தேடலாம். அந்த இடம் பிழையானால், குடிதண்ணீர் முடியும் திங்கட்கிழமை வந்துவிடும்.

"றுஸ்னா, தம்பியக் கூட்டிக்கொண்டு கஞ்சிக்குப் போயிட்டு வா மகள்," என்றார் உம்மா. உலகம் இடிந்தாலும் நோன்புக் கஞ்சிக்கு ஆள் போக வேண்டும்.

பள்ளிவாசல் முற்றத்தில் பிள்ளைகள் வாளியும் கையுமாக வரிசையில் நின்றார்கள். கஞ்சி காய்ச்சும் அஸ்கி காக்கா பெரிய கிடாரத்துக்குள் துடுப்பு மாதிரியான அகப்பையை விட்டு, அடிவரைக்கும் இறக்கிக் கிண்டிக்கொண்டிருந்தார். அன்று அவர் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டார்.

"காக்கா, இது கஞ்சியா, கடலா?" என்று வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"பேசாம நில்லு. அது தண்ணி இல்ல, தேங்காய்ப் பால்," என்றார் அஸ்கி காக்கா, யாருடைய முகத்தையும் பார்க்காமல்.

அவர் அகப்பையை வெளியே எடுத்தார். கஞ்சி நிற்கவில்லை. தன்பாட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது. வரிசையில் முதலாவதாக நின்ற றுஸ்னா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

வாசத்துக்குப் போட்ட றம்பை இலைத் துண்டு ஒன்று சுற்றிக்கொண்டு போனது. அவளுக்கு முன்னால் வந்தது, அப்பால் போனது, திரும்பவும் வந்தது. நடுவில் கிடந்த கராம்பு ஒன்று எங்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே பம்பரம் போலக் கிறுகியது. ஓரத்தில் ஒட்டிக் கிடந்த வெங்காயத்துண்டு சோம்பேறித்தனமாக ஊர்ந்தது. நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் இருந்த இலைக்குத்தான் வேகம் கூட. அடியில் கிடந்த வெந்தயம் இரண்டு மூன்று நடுவால் மெல்ல மேலே வந்தன.

"அடித்தண்ணி மேல வருது," என்று றுஸ்னா முணுமுணுத்தாள். "அதுதான் குளிருது."

"குளிரா? நெருப்பு மாதிரிச் சுடும். கைய எடு புள்ள!" என்றார் அஸ்கி காக்கா.

பிறகு அவரும் இன்னொருவரும் கிடாரத்தின் காதுகளுக்குள் கம்பைக் கொடுத்துத் தூக்கினார்கள். அடுப்படியிலிருந்து மேற்கே இருந்த விறாந்தைக்கு, அடிமேல் அடிவைத்து நடந்தார்கள். றுஸ்னா பின்னாலேயே போனாள். கிடாரம் நகர்ந்தது. கிடாரத்துக்குள் கஞ்சி இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இலை ஒரு சுற்றை முடித்தபோது, அது தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை. ஏனென்றால் கிடாரம் மூன்று அடி மேற்கே வந்துவிட்டது.

றுஸ்னா அப்படியே நின்றாள்.

"கிடாரமும் போகுது!" என்று கத்தினாள்.

"ஓம் மகள், தூக்கினாப் போகத்தானே செய்யும்," என்றார் அஸ்கி காக்கா.

றுஸ்னா வாளியை ஸாஜித்தின் கையில் திணித்துவிட்டு ஓடினாள். "ராத்தா, அரை நோன்பு பிடிச்சவனுக்கு முழு வாளியத் தூக்க ஏலாது!" என்று ஸாஜித் கத்தியது அவள் காதில் விழவில்லை.

வீட்டில் வரைபுத் தாளை விரித்தாள். காப்பை வைத்தாள். இந்த முறை காப்பை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே தள்ளிப் பார்த்தாள். ஒரு சின்னக் கட்டம்? சரிவரவில்லை. மூன்று? அதுவும் இல்லை. இரண்டு சின்னக் கட்டம் தள்ளினாள். சனிக்கிழமைப் புள்ளி விளிம்பில் உட்கார்ந்தது. ஞாயிறு உட்கார்ந்தது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. எல்லாம் நல்ல பிள்ளைகள் போல் வரிசையாக வந்து விளிம்பில் உட்கார்ந்தன.

அது மட்டுமல்ல. அவளுடைய காப்பில் எட்டுப் பூக்கள் இருந்தன. ஒவ்வொரு நாளும் போட் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குப் போயிருந்தது.

றுஸ்னா காப்பை இன்னும் இரண்டு நாளைக்குத் தள்ளினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டாவது பூவும் முடிந்து, திரும்பவும் முதலாவது பூ. அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்.

ஹாஜியாரின் முற்றத்தில் ஐந்தரைக்குத் தொடங்கிய கூட்டத்தில் ஐந்தே முக்கால் வரைக்கும் வரவேற்புரை நடந்தது. நோன்பு திறக்க இன்னும் அரை மணித்தியாலம். பசித்த மனிதர்கள் பொறுமையாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அன்னப்பிள்ளையக்கா மட்டும் கதிரையில் நேராக உட்கார்ந்திருந்தார். அவருக்கு நோன்பில்லை; ஆனால் நோன்பாளிகளுக்கு முன்னால் வெற்றிலை போடக் கூடாது என்று பொட்டலத்தை மடியில் மறைத்து வைத்திருந்தார்.

"கடல் என்பது ஒரு மகா சமுத்திரம்!" என்றார் ஹாஜியார். "அதன் ஆழத்தை நான் அறிவேன்."

ஹாஜியார் வாழ்நாளில் ஒரே ஒரு தரம் போட்டில் ஏறியவர். ஏறியது முதல் இறங்கியது வரைக்கும் வாந்தி எடுத்தவர். அதனால் ஆழத்தைக் குனிந்து பார்த்தது உண்மையாக இருக்கலாம்.

"அன்னப்பிள்ளை மாமி," என்று றுஸ்னா தாளோடு முன்னால் வந்தாள். பின்னால் உம்மாவும் வந்து நின்றார். "வாப்பா இந்தோனேசியாவுக்குப் போகல்ல. ஒரு வட்டத்தில சுத்திக்கிட்டு இரிக்காரு."

கூட்டம் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தியது.

"மகளே," என்றார் ஹாஜியார் அன்பாக. அவர் அன்பாகக் கதைத்தால் கேட்பவருக்குக் கோபம் வரும். "இது பெரியவர்கள் கூடியிருக்கும் சபை."

"ஓம் ஹாஜியார். கெதியாச் சொல்லிட்டுப் போறன். கடலுக்குள்ள பெரிய கிடாரம் ஒண்டு கிறுகுது..."

"கிடாரமா? கடலுக்குள் கிடாரத்தைப் போட்டது யார்? பொலிஸில் முறைப்பாடு செய்தாயா?"

எல்லோரும் சிரித்தார்கள். றுஸ்னாவும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"கிடாரம் மாதிரித் தண்ணி. சுழி. கல்முனையில இருந்து மட்டக்களப்புக்குப் போய்த் திரும்பி வாற தூரம் அளவு அகலம். நூறு பாகத்துக்கும் கீழ வரைக்கும் ஆழம். அதனாலதான் வாப்பாட நூல் நேரா நிண்டது. சுத்திக்கொண்டே, உள்ள இரிக்கிற எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு, மெல்ல மெல்ல மேற்கால வருது. வாப்பா றம்பை இலை மாதிரி அதுக்குள்ள போறாரு."

"ஜவுபரை றம்பை என்கிறாய்!"

"ஹாஜியார், உங்கட அடிமட்டப்படி செவ்வாய்க்கிழம வாப்பா ஒலுவிலுக்குத்தானே வந்துகொண்டிருந்தாரு?"

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். முற்றத்தில் யாரோ, "வளைவு கூட இன்னும் நிக்குதே," என்றார்கள்.

அன்னப்பிள்ளையக்கா எழுந்து வந்தார். தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கதை நல்லாத்தான் இரிக்கி புள்ள. ஆனா என்ர போட்டும் என்ர ஆக்களும் கதைய நம்பிக் கடலுக்குப் போக ஏலாது. நான் ஒண்டு செய்யிறன். இந்த வெள்ளிக்கிழமைப் புள்ளியப் பெருவிரலால மறைக்கிறன். வியாழன் வரைக்கும் உள்ளத மட்டும் வச்சு, வெள்ளிக்கிழம போட்டு எங்க இரிக்கும் எண்டு உன்ர காப்பு சொல்லட்டும். ஹாஜியார், உங்கட அடிமட்டமும் சொல்லட்டும்."

ஹாஜியார் வியாழனையும் புதனையும் தொடுத்துக் கோடு போட்டார். கோடு நேரே தெற்கே, பென்குயின்களிடம் போனது.

றுஸ்னா காப்பை இரண்டு கட்டம் தள்ளினாள். ஒரு பூவை எண்ணினாள். பென்சில் நுனியை வைத்தாள். பென்சில் அன்னப்பிள்ளையக்காவின் பெருவிரல் நகத்தைத் தொட்டது.

அன்னப்பிள்ளையக்கா விரலை எடுத்தார். நகத்துக்குக் கீழே வெள்ளிக்கிழமைப் புள்ளி இருந்தது.

 ஹாஜியார் தன் அடிமட்டத்தைப் பார்த்தார். அது அவரை ஏமாற்றிவிட்டது போல் பார்த்தார். திடீரென்று அவருடைய தோள்கள் இறங்கிவிட்டன. தேசகீர்த்தியும் சமூகஜோதியும் எங்கேயோ போய், வெறும் ஸஹீத் மட்டும் நின்றார். றுஸ்னாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஹாஜியார், உங்கட அடிமட்டத்த ஒருக்காத் தருவீங்களா? எனக்கு அது வேணும்."

"எதற்கு?"

"சுழிக்கு நடுவான இடம் நேர்கோட்டிலதான் மேற்கால வருது. நான் காப்பக் கையால தள்ளினன். கோணலாப் போயிருக்கும். அடிமட்டத்த அணைச்சுத் தள்ளினா நேராப் போகும்."

ஹாஜியார் அடிமட்டத்தைத் தானே பிடித்தார். றுஸ்னா அதன் ஓரமாகக் காப்பைத் தள்ளினாள். ஞாயிற்றுக்கிழமைச் சிவப்புப் புள்ளி ஒரு நூலளவு இடம் மாறியது.

"பார்த்தீர்களா!" என்றார் ஹாஜியார் சபையைப் பார்த்து. தோள்கள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. "அடிமட்டம் இல்லாமல் ஒன்றும் நடக்காது!"

அன்னப்பிள்ளையக்கா சிவப்புப் புள்ளியின் இலக்கங்களைக் கைத்தொலைபேசியில் தன் போட் ஓட்டிக்குச் சொன்னார். "ஓம் தம்பி, இந்தோனேசியா இல்ல. இந்த இடம். ஞாயிற்றுக்கிழம பின்னேரம் நாலு மணிக்கு. யார் சொன்னதா? அதக் காலையில சொல்றன். சொன்ன இடத்துக்குப் போ!"

அன்றைய கஞ்சி உண்மையிலேயே தண்ணியாகத்தான் இருந்தது. றுஸ்னா இரண்டு கோப்பை குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. உம்மா றேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தார். வழமையாகக் கொப்பி பிடிக்கும் கையில் அன்று தஸ்பீஹ் மணி இருந்தது. நாலு ஐந்து. நாலு பத்து. றேடியோ 'ம்' என்று கூடச் சொல்லவில்லை.

"மகள், ஒருவேளை பூவ எண்ணினது..." என்று உம்மா தொடங்கினார்.

"நான் பிழையா எண்ணல்ல உம்மா," என்றாள் றுஸ்னா. சொல்லிவிட்டு, மேசைக்குக் கீழே காப்பின் பூக்களை இன்னொரு தரம் எண்ணினாள். எட்டுத்தான்.

நாலு பதினேழுக்குக் கரகரத்தது.

"அன்னப்பிள்ளையக்காட போட்டுல இருந்து கதைக்கிறன். கேக்குதா? புள்ளைக்கிட்டச் சொல்லுங்க, அவ சொன்ன இடத்தில போட்டு இல்ல."

உம்மாவின் கையில் தஸ்பீஹ் மணி நின்றுவிட்டது.

"அதுக்கு நாலு மைல் வடக்கால இரிக்கி. கயிறு கட்டியாச்சு!"

உம்மா அழுதார். ஸாஜித் குதித்தான். றுஸ்னா தாளை எடுத்து, சிவப்புப் புள்ளிக்கு மேலே இன்னொரு புள்ளி வைத்தாள். நாலு மைல் ஏன் பிழையானது என்று பிறகு பார்க்க வேண்டும்.

"றுஸ்னா!" றேடியோவில் வாப்பா. "நாங்க இவ்வளவு நாளும் ஒரே சுழிக்குள்ளயா சுத்தினம்? உன்ர மாமன் ரெண்டு நாளா, கம்பளி இல்லாம தென்துருவத்தில எப்படி இறங்குற எண்டு யோசிச்சு நித்திரையே கொள்ளல்ல!"

"வாப்பா, பென்குயின்?" என்று ஸாஜித் கத்தினான்.

"என்ன குயில்?"

திங்கட்கிழமை நண்பகல், லுஹர் தொழுகை நேரம், இரண்டு போட்டுகளும் ஒலுவிலுக்கு வந்தன. செவ்வாய்க்கிழமை கட்டிய வளைவு அப்படியே நின்றது. அதில் புதிதாக, இருபது அடி நீளத்தில் ஒரு பெனர் தொங்கியது. பெனரில் ஹாஜியார் ஒரு கையில் அடிமட்டத்தைப் பிடித்தபடி தூரத்தை உற்று நோக்கினார். "அடிமட்டத்தால் ஆழ்கடற் சுழியை அளந்து, நால்வரின் உயிர் காத்த சமுத்திர சிகரம்!" என்று எழுதியிருந்தது. கீழ்மூலையில், அச்சகத்தின் தொலைபேசி இலக்கத்துக்கு மேலே, சின்ன எழுத்தில் "உதவி: ஒரு மாணவி" என்றும் இருந்தது.

ஹாஜியார் பேசத் தொடங்கினார். சமுத்திரத்தின் வரலாற்றை ஆதியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

வாப்பா இறங்கி வந்தார். தாடி வளர்ந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. நேராக வந்து றுஸ்னாவின் கையைப் பிடித்துக் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதா?"

"ஓம் வாப்பா."

"எங்க வாங்கின?"

"நீங்கதான் போன பெருநாளைக்கு வாங்கித் தந்தீங்க. கல்முனைச் சந்தையில."

"நான் எத வாங்கினாலும் பாத்துத்தான் வாங்குவன்," என்றார் வாப்பா. அவ்வளவுதான் சொன்னார். ஆனால் வீடு போய்ச் சேரும் வரைக்கும் அந்தக் கையை விடவில்லை. ஹாஜியாரின் பேச்சு அவர்களுக்குப் பின்னால் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

பெருநாள் முடிந்து வாப்பாவின் போட்டுக்குப் புது கியர் பொக்ஸ் பூட்டினார்கள். இப்போது வாப்பா கடலுக்குப் போனால் உம்மா கொப்பியில் எழுதுவார், றுஸ்னா வரைபுத் தாளில் குறிப்பாள், ஸாஜித் பென்சில் தீட்டுவான்.

திருத்திய இயந்திரத்தை மழைக்கு மூட நல்ல தடிப்பான விரிப்பு ஒன்று தேவைப்பட்டது. அந்தப் பெனர் அளவாக இருந்தது. தண்ணி ஒழுகவில்லை.